புகைக்காதவனின் லைட்டர் அலமாரி



இது கொஞ்சம் நீளமான பதிவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வேதியியல் பீரியடிலேயே தூங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். இதையும் பொறுமையாகப் படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன வாரம் மருமகன் போட்ட குடும்பப் படத்தில் எனக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி தெரிந்துவிட்டது. அதில் வரிசையாகச் சிகரெட் லைட்டர்கள். அன்றிலிருந்து கேள்வி மேல் கேள்வி. "சார், நீங்களா?" என்கிறது 1992 பேட்ச். "சித்தப்பா, ரிட்டயர் ஆனபிறகு பழகிட்டீங்களா?" என்று திருநெல்வேலியிலிருந்து ஒரு போன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

பீடி, சிகரெட், மூக்குப்பொடி, வெற்றிலையோடு போடும் புகையிலை எதையும் நான் தொட்டதில்லை. அலமாரியில் இருப்பவை 43 லைட்டர்கள். எதிலும் எண்ணெய் இல்லை, கேஸ் இல்லை. முதல் லைட்டரைத் தவிர மற்றதையெல்லாம் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அந்த முதலாவது என் அப்பாவுடையது.

அப்பா இரவு பஸ் ஓட்டினார். தூக்கம் வராமலிருக்க என்று ஆரம்பித்த சிகரெட். கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா 1964இல் ஊருக்கு வந்தபோது தம்பிக்கு ஒரு லைட்டர் கொண்டு வந்தார். ஆஸ்திரியாவில் செய்த 'இம்கோ டிரிப்ளெக்ஸ்'. தகரம்போல மெல்லிய உலோகம், விரல் நீளம். மேல்மூடியை விரலால் நெம்பினால் சக்கரமும் தானே சுழன்று தீ பிடிக்கும். அப்பா அதைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதையும், ஒரு கையாலேயே பற்றவைத்து அணைப்பதையும் தெருப் பையன்கள் நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்ப்போம். 1979 ஐப்பசியில் நுரையீரல் புற்றுநோயில் அப்பா போய்விட்டார். அப்போது அவருக்கு 51 வயது.

அம்மா அப்பாவின் சட்டைகளைக் கொடுத்துவிட்டார். சிகரெட் சாம்பல் தட்டும் பீங்கான் கிண்ணத்தை உடைத்துக் குப்பையில் போட்டார். லைட்டரை மட்டும் எடுத்து அடுப்படி மாடத்தில் வைத்தார்.

எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. தீப்பெட்டி நமுத்துப்போய்க் குச்சி குச்சியாக உரசினாலும் பற்றாது. இந்த இம்கோ லைட்டரில் ஒரு வசதி உண்டு. எண்ணெய் இருக்கும் சிறு குழாயைத் திரியோடு சேர்த்து அப்படியே வெளியே உருவிவிடலாம். எரிந்துகொண்டிருக்கும்போதே உருவினால் கையில் குட்டி மெழுகுவர்த்தி மாதிரி நிற்கும். அம்மா அதை வைத்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் பத்துத் திரியையும் ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார். 1991இல் கேஸ் அடுப்பு வரும்வரை, ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம், எங்கள் வீட்டுக் கஞ்சியும் குழம்பும் அந்தத் தீயில்தான் ஆரம்பமாயின. "மக்களே, கல்லு தீந்து போச்சு, வாங்கிட்டு வா" என்பார். அப்பாவைப் பற்றி அம்மா அதிகம் பேசமாட்டார். 'கல்லு தீந்து போச்சு' என்பதில் அவரைப் பற்றிய பேச்சும் இருந்ததோ என்று பிற்பாடு தோன்றியதுண்டு.

லைட்டர் கல் அன்றைக்கு வாட்ச் ரிப்பேர் கடையில் கிடைக்கும். அரிசியைவிடக் கொஞ்சம் பருமனான, சாம்பல் நிறக் குச்சித் துண்டு. கல் வாங்கப் போன கடையில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. கடைக்காரர் ஒரு பிஸ்கட் டின் நிறையச் செத்த லைட்டர்கள் வைத்திருந்தார். ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் திரும்பி வாங்க வராதவை. மூன்றை 25 ரூபாய்க்குக் கொடுத்தார். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம்.

அந்தக் கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேதியியல் வாத்தியாரை லைட்டர் பக்கம் இழுத்ததே அதுதான்.

அதற்குக் கல் என்று பேர்தானே தவிர, அது கல்லே இல்லை. நம் முன்னோர் தீ உண்டாக்கிய சக்கிமுக்கிக் கல் வேறு. அங்கே கல் கடினம், இரும்பு மென்மை. கல் இரும்பைச் சீவும், சீவிய இரும்புத் துகள் எரிந்து பொறியாகும். லைட்டரில் தலைகீழ். பல் வெட்டிய எஃகுச் சக்கரம் கடினமானது, 'கல்' மென்மையானது. சீவப்படுவது கல்தான். அது சீரியம் முதலான அருமண் உலோகங்களோடு இரும்பைக் கலந்து செய்த உலோகக் கலவை. பெயர் ஃபெரோசீரியம். சீரியத்தின் நுண்துகள் காற்றுப் பட்டதும் தானே எரியும் குணமுள்ளது. அதன் பொறி 3000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டை எட்டும். சீரியம் தனியாக மிகவும் மெது, இரும்பைச் சேர்த்தால் இறுகி, உரசும்போது பொடியாக உதிரும். இதைக் கண்டுபிடித்து 1903இல் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவுர் ஃபான் வெல்ஸ்பாக்.

இந்த வெல்ஸ்பாக்கை உங்களுக்கு ஏற்கனவே தெரியும். அந்தக் காலத்துக் கல்யாண வீடுகளில் 'உஸ்' என்று இரைந்துகொண்டிருக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கில் பட்டுப்பை மாதிரி ஒரு மேண்டில் கட்டுவார்களே, அந்த மேண்டிலும் அவர் கண்டுபிடிப்புதான். வெளிச்சம் நன்றாக வர அதில் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு வேண்டும். தோரியம் கிடைப்பது மோனசைட் என்ற மணலில். அதே மணலில் சீரியம் தோரியத்தைவிடப் பல மடங்கு உண்டு. தோரியத்தை எடுத்துக்கொண்ட பிறகு, மலைபோல மிஞ்சும் சீரியத்தை என்ன செய்வது? அந்த மிச்சத்துக்கு வந்த விடைதான் லைட்டர் கல்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மோனசைட் மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து அதை அடையாளம் கண்டார். அன்று திருவிதாங்கூரில் இருந்த அந்தக் கரை, 1956 நவம்பர் 1 முதல் நம் மாவட்டம். அந்த மணலை அள்ளுவது பற்றி இன்றும் நடக்கிற வழக்குகளும் மீனவ மக்களின் பயங்களும் உங்களுக்குத் தெரிந்ததே. அது தனியாகப் பேசவேண்டிய விஷயம். நான் சொல்லவருவது இவ்வளவுதான்: உலகச் சந்தைக்குப் போன நம் மணலிலிருந்து பிரிந்த சீரியம் எந்த நாட்டு லைட்டரில் பொறி விட்டதோ! லைட்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு எனக்கு வரும்.

லைட்டரின் சரித்திரம் தீக்குச்சியைவிடச் சற்று மூத்தது என்று சொன்னால் வகுப்பில் யாரும் நம்பமாட்டார்கள். 1823இல் ஜெர்மனியின் யேனா நகரத்தில் டோபரைனர் என்ற பேராசிரியர் ஒரு விளக்கு செய்தார. கண்ணாடி ஜாடியில் நீர்த்த கந்தக அமிலம், அதில் தொங்கும் ஒரு துத்தநாகத் துண்டு. ஹைட்ரஜன் வாயு வரும். அதைப் பஞ்சுபோன்ற பிளாட்டினத்தின்மேல் பீய்ச்சினால் பிளாட்டினம் சிவந்து, வாயு பற்றிக்கொள்ளும். உங்கள் பாடப்புத்தகத்தில் ஹைட்ரஜன் தயாரிப்பும் ஒரு பக்கம், வினையூக்கியும் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் படித்தீர்களே, இரண்டும் ஒரே ஜாடியில் இருந்தன. உராய்ந்தால் எரியும் தீக்குச்சி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது அதற்குப் பிறகு 1827இல்.

முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்கள் காலி தோட்டா உறைகளில் சக்கரமும் திரியும் பொருத்தி லைட்டர் செய்தார்கள். போர் முடிந்ததும், அதுவரை பொத்தான் செய்துகொண்டிருந்த இம்கோ கம்பெனி லைட்டர் செய்ய இறங்கியது. அதே கம்பெனியின் லைட்டர்தான் ஒரு பஸ் டிரைவர் சட்டைப்பைக்கு வந்து, பிறகு எங்கள் வீட்டு அடுப்படி மாடத்துக்கும் வந்தது. அந்தக் கம்பெனி 2012இல் ஆஸ்திரியாவில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

அமெரிக்காவில் ரான்சன் கம்பெனி 1926இல் 'பான்ஜோ' என்று ஒரு லைட்டர் கொண்டு வந்தது. ஒரே அழுத்தில் பற்றும், விரலை எடுத்தால் அணையும். லண்டனில் வைஸ், கிரீன்வுட் என்ற இருவர் ஒரு கடுகுப்பொடி டப்பாவுக்குள் கருவியைப் பொருத்திச் செய்த மாதிரிதான் பிறகு டன்ஹில் கம்பெனியின் விலையுயர்ந்த லைட்டர் ஆயிற்று. கடுகு டப்பாவிலிருந்து தங்க முலாம் வரை! பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஜார்ஜ் பிளெய்ஸ்டெல் 1932இல் ஆரம்பித்த கம்பெனிதான் ஜிப்போ. ஒரு ஆஸ்திரிய லைட்டரைப் பார்த்துத் திருத்தி அமைத்தார். சதுர உடம்பு, கீலில் திறக்கும் மூடி, திரியைச் சுற்றித் துளை போட்ட புகைக்கூண்டு. காற்றில் அணையாததற்கு அந்தத் துளைகள்தான் காரணம். எரியத் தேவையான காற்றை அளவாக உள்ளே விடும், சுடரை ஊதித்தள்ளும் காற்றை மறிக்கும். முதல் விலை 1.95 டாலர். எத்தனை வருஷம் ஆனாலும் இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவோம் என்ற உத்தரவாதம் வேறு.

'பழைய லைட்டரில் அப்படி என்ன இருக்கிறது?' என்பவர்களுக்கு என் பதில் மூன்று.

முதலாவது, அதைத் திறந்து பார்க்கலாம். இன்றைக்கு உங்கள் கையிலிருக்கும் போனுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு உங்களால் காட்டமுடியுமா? லைட்டரில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். அடியில் ஒரு திருகு, அதைக் கழற்றினால் ஸ்பிரிங், ஸ்பிரிங் முனையில் கல், பஞ்சுக்குள் சுற்றிக் கிடக்கும் திரி. எரிபொருள், ஆக்ஸிஜன், வெப்பம் என்று கரும்பலகையில் முக்கோணம் போட்டுக் காட்டுவேனே, அந்த முக்கோணம் முழுவதும் உள்ளங்கையில் அடங்கியிருக்கும். மூடியை மூடினால் ஒரு பக்கம் போயிற்று, தீ அணைந்தது.

இரண்டாவது, அதற்கு உயிர் கொடுக்கலாம். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த லைட்டரில் பழைய கல் ஈரக்காற்றில் உப்பிப் பொடிந்து குழாயில் இறுகிக்கொள்ளும். மெல்லிய துரப்பண ஊசியைக் கையாலேயே திருகித் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கவேண்டும். அவசரப்பட்டால் குழாய் போய்விடும். பிறகு பஞ்சு மாற்றி, திரி மாற்றி, புதுக் கல் போட்டு ஒரே ஒரு முறை பற்றவைத்துப் பார்ப்பேன். பற்றிவிட்டால் அன்று ராத்திரி நல்ல தூக்கம். பிறகு கல்லை எடுத்துவிட்டு, எண்ணெய் முழுவதும் ஆவியாகப் போனபிறகுதான் அலமாரிக்குப் போகும். பித்தளையைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கமாட்டேன். ஒருவர் கட்டைவிரல் இருபது வருஷம் பட்டுத் தேய்ந்த இடத்தை நான் ஏன் அழிக்கவேண்டும்?

மூன்றாவது, அதன் அடிப்பாகத்தைப் படிக்கலாம். ஜிப்போவின் அடியில் 1950களின் நடுவிலிருந்து வருஷக் குறி உண்டு. முதலில் புள்ளிகளும் கோடுகளும். 1986 முதல் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, வருஷத்துக்கு ரோமன் எண். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். ரோமன் 2 என்றால் 1986, ரோமன் 16 என்றால் 2000. அதன்பிறகு வருஷம் சாதாரண எண்களாக வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரின்போது பித்தளை யுத்தத்துக்குத் தேவைப்பட்டதால் ஜிப்போவை எஃகில் செய்து கறுப்புச் சாயம் பூசி ராணுவத்துக்கு அனுப்பினார்கள். வியட்நாம் போரில் சிப்பாய்கள் தங்கள் பெயர், இருந்த இடம், வருஷம், மனதிலிருந்த ஆத்திரம் எல்லாவற்றையும் லைட்டரில் செதுக்கி வைத்தார்கள். ஆனால் ஒன்று, பிள்ளைகளே: சைகோனில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதற்கென்றே செதுக்கிய போலிகள் ஏராளம். யாராவது அந்தப் பக்கம் போனால் எனக்கு வாங்கி வரவேண்டாம்!

பிறகு பிளாஸ்டிக் வந்தது. 1970களில் பிக் போன்ற கம்பெனிகள் கேஸ் தீர்ந்தால் தூக்கிப்போடும் லைட்டரை உலகமெங்கும் பரப்பின. திரி மாற்ற, கல் மாற்ற ஆள் தேவையில்லை. நம் வாட்ச் கடைக்காரரின் பிஸ்கட் டின்னும் அதோடு காலியாயிற்று. அந்த மலிவு லைட்டர்கள் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலின் வயிற்றிலும் அடித்தன. அங்கே பெண் கொடுத்த, பெண் எடுத்த உறவுகளுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது தீப்பெட்டிக்காரர்கள் பல காலம் கேட்டதன் பேரில்தான்.

இதுவரை இனிமையான பக்கம். இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் வாத்தியாராக இருந்து பயனில்லை.

என் மகள் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் நேராகவே கேட்டாள். "அப்பா, தாத்தாவைக் கொன்ன சாமானுக்குக் கண்ணாடி அலமாரி செஞ்சு வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. அவள் கேட்டது நியாயம். இந்த அழகு, இந்த 'க்ளிக்' சத்தம், தங்க முலாம் எல்லாம் எதற்காக? ஒரு விஷத்தைப் பற்றவைப்பதைப் பெருமையான காரியமாகக் காட்டத்தான். அப்பாவைப் பார்த்து வாயைப் பிளந்த எங்கள் தெருப் பையன்களில் நான்கு பேர் பிற்பாடு சிகரெட் பிடித்தார்கள். அதில் அந்த லைட்டருக்குப் பங்கில்லை என்று என்னால் சொல்லமுடியாது.

ஆனால் அதே லைட்டர்தான் அம்மாவின் அடுப்பையும் பன்னிரண்டு வருஷம் பற்றவைத்தது. தீக்கு நல்லது கெட்டது தெரியாது, அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறோம் என்பது நம் கையில். மகளிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன். அவள் பாதிதான் ஒப்புக்கொண்டாள். மீதிப் பாதிக்கு அவள் போட்ட நிபந்தனைகள் இன்றும் அமலில் உள்ளன: அலமாரிக்குப் பூட்டு, சாவி என்னிடம். எதிலும் எரிபொருள் கூடாது. பேரன்கள் முன்னால் மூடியைத் திறந்து மூடி வித்தை காட்டக்கூடாது. சிகரெட் விளம்பரம் போட்ட எதையும் வாங்கக்கூடாது.

அலமாரியின் கீழ்த்தட்டைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்லவேண்டும். படத்தில் அது தெரியவில்லை.

2014இல், 1996 பேட்ச் மாணவன் ஒருவன் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வீட்டுக்கு வந்தான். பழம், பிஸ்கட்டோடு ஒரு ஜிப்போவையும் மேசையில் வைத்தான். "சார், சிகரெட்ட விட்டு மூணு மாசம் ஆகுது. இது வீட்டுல கெடந்தா கை அதுலயே போவுது. தூரப்போடவும் மனசு வரல. நீங்க வெச்சுக்கிடுங்க" என்றான். நான் அடிப்பாகத்தைத் திருப்பி மாதமும் வருஷமும் பார்த்துச் சொன்னேன். அவனுக்குக் கல்யாணம் ஆன வருஷம் அது. ஒரு சீட்டில் அவன் விட்ட தேதியை எழுதி லைட்டரோடு வைத்தேன்.

அவன் யாரிடம் சொன்னானோ, அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் நான்கு பேர் கொண்டு வந்தார்கள். இரண்டு பேருடையது பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர். சேகரிப்பவன் கணக்கில் அதற்கு மதிப்பே இல்லை, இருந்தாலும் கீழ்த்தட்டில் அதற்கும் இடமுண்டு, சீட்டுண்டு. ஒருவன் ஆறு மாதம் கழித்து வந்து தலையைக் குனிந்துகொண்டு, "சார், அத திருப்பித் தாறீங்களா?" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பூட்டைத் திறந்து கொடுத்தேன், டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்து அதே லைட்டரோடு மறுபடி வந்தான். சீட்டில் இரண்டாவது தேதி எழுதினோம். இன்றுவரை அதுதான் கடைசித் தேதி.

மேல்தட்டில் இருப்பவை விலை பேசக்கூடியவை. எனக்குப் பிறகு மகள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். ஆனால் தாத்தாவின் இம்கோவையும் கீழ்த்தட்டு ஐந்தையும் மட்டும் விற்கமாட்டேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்த அளவுக்கு அவளும் என் கட்சிக்கு வந்துவிட்டாள்.

முடிக்குமுன் இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ தாத்தா, பெரியப்பா வைத்திருந்த பழைய லைட்டர் கிடக்கலாம். பழைய இரும்புக்கடைக்குப் போடுமுன் அடிப்பாகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எனக்குத் தரவேண்டும் என்று கேட்கவில்லை. அது எங்கிருந்து, எந்தக் காலத்தில் வந்தது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். அதைக் கொண்டுவந்தவரின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் பெரியப்பாவிடம் கப்பல் கதையைக் கேட்டு எழுதிவைத்ததால்தான் இந்த வருஷங்களையெல்லாம் இன்று சொல்ல முடிகிறது.

இரண்டாவது, இதைப் படிப்பவர்களில் யார் யார் இன்னும் புகைக்கிறீர்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்குகிறவர்கள், நாற்பது வயதுக்கு மேலும் வாத்தியாருக்குப் பயப்படுகிறவர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். அறிவுரை சொல்லப்போவதில்லை. அப்பாவின் கடைசி நான்கு மாதங்களைப் பார்த்த பிறகு அறிவுரை எனக்கு வாயில் வருவதில்லை. கீழ்த்தட்டில் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். தேதி எழுதச் சீட்டும் பேனாவும் நான் வைத்திருக்கிறேன். வரும்போது போன் பண்ணிவிட்டு வாருங்கள், மத்தியானம் வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

எல்லோரும் உடல்நலத்தோடு நீடூழி வாழ வாழ்த்துகிறேன்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் ஆசிரியர்